தறிச் சத்தம் கேட்காத அறை

சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. கரண்ட் போய்த் தறி நின்றால் நாங்கள் எல்லோரும் "அப்பாடா" என்போம். என் மகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். அவளுக்கு ஆட்டிசம். தறி ஓடினால்தான் படிப்பு ஏறும்.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் கணிதம் படித்தாள். ஒரே ஒரு தாள் தேறாமல் நின்றுவிட்டது. தேர்வுக் கூடத்தில் திடீர் திடீரென்று நாற்காலி இழுபடுவதும் பேனா விழுவதும் அவளை எழுதவிடவில்லை. மறுதேர்வும் போனால் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தனி அறை தருவதாகத் துறைத் தலைவர் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல மனிதர்தான். எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான்.

வீடியோ பாடம் எடுக்கக் கட்டிய அறை அது. கதவைச் சாத்தினால் ஒரு பொட்டுச் சத்தம் வராது.

"ஏனுங்க சார், இவளுக்கு இத்தனை அமைதி ஆகாதுங்க. ஒரு பழைய ஃபேனாவது ஓடட்டுங்க" என்றேன்.

சிரித்தார். "இந்த மாதிரிப் பசங்களுக்கு அமைதிதானுங்க வேணும். நாங்க ட்ரெயினிங் போயிட்டு வந்திருக்கறமுங்க." பிறகு அவளிடம், "புடிச்சிருக்குதா கண்ணு?" என்றார்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று ஊரே சேர்ந்து வளர்த்த பிள்ளை. "இருக்குதுங்க சார்" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. பெற்றவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

தேர்வு முடிந்து கேள்வித்தாளோடு வெளியே வந்தாள். பதிவு எண்ணைத் தவிர ஒன்றும் எழுதவில்லை.

"என்ற மூச்சுச் சத்தமே பெருசாக் கேட்டுச்சும்மா. வேற எதுவும் வரல."

பேருந்தில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேள்வித்தாளோடு கொட்டகைக்குள் போனாள். ஓடுகிற தறிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். தறிக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டும் நிமிரவில்லை. எழுந்தபோது ஒரு கேள்வி பாக்கியில்லை. காகிதங்களை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, தேர்வறையில் கட்டுவதுபோலவே தறி நூலால் கட்டி என்னிடம் நீட்டினாள்.

"எல்லாம் எழுதிப்போட்டேம்மா. நாளைக்கு இதைக் கொண்டுபோயி சார்கிட்டக் குடுத்துருங்க, திருத்திருவாருங்க."