தாடைக்குக் கீழே ஒரு வீக்கம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது என் தாய்மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் தனியார் பேருந்தில் அவர் கண்டக்டர். புவனகிரியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அந்தத் தொண்டைக்கு ஏழு வாரம் ‘கரண்டு’ வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர். மாமாவைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நம்பி, நான் சில நாள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் அவர் அருகில் போனேன்.

சிகிச்சை முடிந்ததும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கினார். அம்மா இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுப்பாள். “மண்ணு மாதிரி இருக்குக்கா” என்று சொல்லிக்கொண்டே விழுங்குவார். எச்சில் ஊறாததால் தண்ணீர் பாட்டில் கையை விட்டு இறங்காது. மூன்று மாதத்தில் குரல் கொஞ்சம் திரும்பியது. வீட்டில் சிரிப்பும் திரும்பியது.

அப்போதுதான் ஒரு நாள் காலை, அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், என்னைக் கூப்பிட்டு முகத்தை மேலே தூக்கிக் காட்டினார்.

“பாப்பா, இங்க வீங்கியிருக்கா பாரு.”

தாடைக்குக் கீழே சின்னப் பை போலத் தொங்கியது. “ஆமா மாமா. மெத்து மெத்துன்னு இருக்கு.”

“அம்மாகிட்ட சொல்லிடாத. உன்ன நம்பித்தான் காட்டுறேன்.”

பெரியவர் ஒருவர் என்னை நம்பியதே எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்றிலிருந்து மாமாவின் கழுத்தில் எப்போதும் துண்டு இருந்தது. புதுச் சட்டை எடுக்கலாம் என்று அம்மா சொன்னபோது, “இனிமே எனக்கெதுக்குக்கா” என்று தட்டிக் கழித்தார். பள்ளிக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் நான் பரிசோதனை செய்தேன். கண்ணால் பார்த்தால் போதாதென்று தாடைக்கு அடியில் காதுக்குக் காது நூல் வைத்து அளந்தேன். காலையில் நூல் நீண்டது, மாலையில் ஒரு விரல் குறைந்தது. அதைச் சொன்னால் மாமா காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார். “பெருசாதானே இருக்கு” என்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் பழைய பேருந்திலேயே என்னைக் கடலூருக்குக் கூட்டிப் போனார். இறங்கும்போது டிரைவரின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மூன்று நண்பர்கள் வீட்டுக்குப் போனோம். எங்கும் அதிக நேரம் உட்காரவில்லை. கடற்கரையில் எனக்கு மக்காச்சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் முழங்கால் அளவு தண்ணீரில் வெகுநேரம் நின்றார். இப்படி மாதம் ஒரு முறை வந்தால் நன்றாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பி மாமா முகம் கழுவத் துண்டை எடுத்தபோது அம்மா பார்த்துவிட்டாள். மறுநாள் காலை மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

டாக்டர் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். “காலையில ஜாஸ்தியா, சாயங்காலம் ஜாஸ்தியா?”

மாமா என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன்: “காலையிலதான் ஜாஸ்தி. சாயங்காலம் ஒரு விரல் கம்மி. நூல் வச்சி அளந்தேன்.”

டாக்டர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டுத் தொண்டையை நெடுநேரம் பார்த்தார்.

“பழைய எடம் சுத்தமா இருக்கு. இது கட்டி இல்லீங்க, நீர் கோத்திருக்கு. கரண்டு வச்சவங்களுக்கு வர்றதுதான். எப்படி நீவி விடணும்னு சொல்லித் தருவாங்க, மெல்ல வடியும். ஆனா எது வந்தாலும் மறைக்காதீங்க, ஒடனே வாங்க.”

வெளியே பஸ் ஸ்டாப்பில் என்னைப் புகழ்வார்கள் என்று காத்திருந்தேன். அம்மா மாமாவைத் திட்டினாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அவள் ஓய்ந்ததும், “அக்கா, ரெண்டு சட்ட தைக்கக் குடுக்கணும். இருக்கறதெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சி” என்றார்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சட்டை தைப்பதற்கெல்லாம் யாராவது அழுவார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நீலக் கலர்ல எடுங்க மாமா” என்று மட்டும் சொன்னேன்.