வெள்ளிக்கிழமைச் சோஸ்

இன்னும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சிட்னியின் பரமட்டாவில், சுவரெல்லாம் கால்பந்து ஜெர்சிகள் தொங்கும் இத்தாலிய ஸ்டேக் கடையொன்றில் நான் சமைக்கிறேன். அங்கே இறைச்சித் துண்டுக்கு ‘பெனால்டி’ என்று பெயர், பாஸ்தாவுக்கு ‘ஹாஃப் டைம்’. அந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். புதிதாக வந்த மனேஜரைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆட்டெலும்பு போட்டுக் காய்ச்சும் தக்காளிச் சோஸ் என் பொறுப்பு. மெனுவில் அது ‘அம்மாவின் சோஸ்’. இத்தாலியக் கத்தோலிக்கரான முதலாளியின் அம்மாவுடைய செய்முறை. ஜெர்சிகளுக்கு நடுவே அந்த அம்மாவின் படமும் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை எனக்குச் சைவம். சமைப்பேன், வாயில் வைக்கமாட்டேன். உப்புப் பார்க்க யாரையாவது கூப்பிடுவேன். முதல் வெள்ளியே இதைச் சொன்னபோது முதலாளி சிரித்தார். “எங்கட அம்மாவும் வெள்ளியில இறைச்சி தொடமாட்டா. நான்தான் ருசி பார்த்துச் சொல்லுவன்” என்றார். எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

மனேஜர் வந்தார், சட்டம் வந்தது. சமைத்தவரே ருசி பார்க்கவேண்டுமாம். முடியாதென்றால் வெள்ளிக்கிழமை வேலை இல்லையாம். வெள்ளி மட்ச் நாள், எனக்கு நீளமான ஷிஃப்ட். அது போனால் வீட்டு வாடகைக்கு எங்கே போவது?

“நாக்கில வைச்சுப்போட்டுத் துப்பிவிடுமன்” என்றார் என் கணவர்.

“விசர்க் கதை கதைக்காதேங்கோ” என்று பாய்ந்தேன்.

அடுத்த வெள்ளி, எல்லாருக்கும் முன்னால் மனேஜர் கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ருசி பார், இல்லையெண்டால் வீட்டை போ.” முதலாளி பக்கத்திலேயே நின்றார், போனைப் பார்த்துக்கொண்டு! மனேஜர் புதியவர், அவருக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரிந்த இந்த மனுசனுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே முதலாளியிடம் கேட்டேன். “இண்டைக்கு உங்கட அம்மா வந்தாலும் இப்படித்தான் வீட்டை அனுப்புவியளோ?”

முதலாளி போனைப் பைக்குள் வைத்தார். மனேஜரின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, சோஸைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்புக் காணாது” என்றார், தாய்க்குச் சொல்லும் பிள்ளையின் குரலில்.

போட்டேன். ஏப்ரனையும் திரும்பக் கட்டினேன். ஆனால் நான் வாய் திறக்க முன்னமே அந்தக் கரண்டியை வாங்க அவருக்கு என்ன கேடு?