இருபத்துமூன்று நாள் ஐஸ்

சென்ற வருடம் ஜூலை மாதம் எட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. கச்சான் காற்று அந்த நேரத்திலேயே சுடத் தொடங்கியிருந்தது. களப்பைக் கடந்து வந்த தோணியிலிருந்து, எங்கள் புது வீட்டுக்கு மின்வேலை செய்த வயரிங் பாஸ் இறங்கினார். வழக்கமாகக் கொண்டுவரும் சாமான் பை அவர் கையில் இல்லை. மீன்காரர்கள் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும் வெள்ளை ரிஜிபோம் பெட்டி ஒன்று தோளில் இருந்தது. கரையிலிருந்து எங்கள் படலைக்கு நூற்றுப் பன்னிரண்டு காலடி. அவ்வளவு தூரமும் அந்தப் பெட்டி சொட்டிக்கொண்டே வந்தது.

அவருக்கு எங்கள் வீட்டில் அன்று எந்த வேலையும் இருக்கவில்லை. வயரிங் வேலை சனிக்கிழமையே முடிந்து, கூலியும் கொடுத்தாகிவிட்டது. பின் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல, என் பிழையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் ஒதுங்கி வேறிடம் பார்ப்பார்கள். நான் முப்பத்துநான்கு வருடம் தபாலதிபராக இருந்தேன். முதலில் மனைவியின் வீட்டிலும், பிறகு மூத்த மகளுக்கென்று கட்டிய வீட்டிலும், கடைசியாக இளையவளின் வீட்டிலும் குடியிருந்தேன். கரண்ட் பில்லில் ஒருநாளும் என் பெயர் வந்ததில்லை. அதனால் ஓய்வுப் பணத்தில் களப்பின் நடுவே இருக்கும் இந்தச் சின்னத் தீவில் பத்துப் பேர்ச் காணி வாங்கிப் போட்டிருந்தேன். இங்கே ஏழு மீன்பிடி வாடிகளும் ஒரு சிறிய பள்ளிவாசலும்தான் உண்டு. பள்ளிவாசல் வரை மின்கம்பி வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரும் வந்துவிட்டது. கடைசிக் காலத்திலாவது என் பெயரில் ஒரு பில் வரட்டும் என்று இரண்டு அறை கட்டினேன்.

வயரிங் பாஸ் காரைதீவைச் சேர்ந்த தமிழர்; ஐம்பது வயதிருக்கும். வேலை தொடங்கிய அன்றே கேட்டார்.

“காணி ஆருட பேரில, மாஸ்டர்?”

“என்ட பேரிலதான். வேற ஆருட பேரில?”

“இல்ல, உங்கட ஊரில ஆம்புளைட பேரில ஒரு கோழிக்கூடும் இரிக்காதே. அதான் கேட்டன்.”

எனக்குக் கோபம் வந்தது. பிழையாக நிரப்பிய எத்தனையோ படிவங்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஒன்பது விளக்கு, பதினான்கு சுவிட்ச், இரண்டு பிளக் என்று எண்ணி எழுதிய விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, கரண்ட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஞாயிற்றுக்கிழமையே குடிவந்துவிட்டோம். திங்கட்கிழமை மின்சாரசபைக் கந்தோரில் காணிப் பதிவுப் பிரதியைப் புரட்டிப் பார்த்த உத்தியோகத்தர், மிகவும் மரியாதையாக ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். காணி என் இளைய மகளின் பெயரில் இருந்தது. அவளுடைய கலியாண நாளில் நொத்தாரிசு நீட்டிய சீதன உறுதிப் பத்திரத்தில் வீட்டோடு இந்தக் காணியும் சேர்ந்திருந்தது. நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நான், பலர் சேர்ந்துண்ணும் பெரிய தட்டுகளான சோற்றுச் சஹன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எழுபத்திரண்டு சஹன், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மகளின் பெயரில் புதிய விண்ணப்பம், கிராம சேவகரின் கையெழுத்து, மறுபடி பரிசோதனை. மூன்று கிழமையாவது செல்லும் என்றார்கள். எனக்கு இருட்டு பெரிதல்ல. மனைவிக்கு நீரிழிவு, காலையும் இரவும் இன்சுலின் ஊசி. மிஞ்சியிருந்த மூன்று குப்பிகளும் குளிரில் இருக்க வேண்டும். அடுத்த கிளினிக் ஒரு மாதம் கழித்துத்தான். தீவில் எந்த வாடியிலும், பள்ளிவாசலிலும் பிரிட்ஜ் இல்லை. மகள் வந்து அழைத்தபோது மனைவி அசையவில்லை.

“குடுத்த ஊட்டுக்குத் திரும்பிப் போய்க் குந்திற வழக்கம் எங்கட குடும்பத்தில இல்ல, மகள். நீ போ.”

அன்று மாலை, தன் வேலைக்கு வெளிச்சம் வந்ததா என்று பார்க்க வந்த பாஸ், தண்ணீர்ப் பானைக்குள் மிதந்த குப்பிகளைக் கண்டார். அப்படியே தோணிக்குத் திரும்பினார். மறுநாள் காலைதான் ஒலுவில் துறைமுகத்து ஐஸோடு வந்து, என் மனைவியிடம் அக்கா முறை வைத்துச் சொன்னார்.

“ஐஸ் குப்பியில முட்டப்படாது, ராத்தா. துவாயால சுத்தி நடுவில வைங்க. எங்கட அம்மாக்கும் இந்த ஊசிதான்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வந்தார். நான் அரைமணிக்கொரு தடவை மூடியைத் திறந்து, ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். மூன்றாம் நாள் பிடிபட்டேன். “ஐஸக் கரைக்கிறது வெயில் இல்ல, மாஸ்டர். நீங்கதான்!” என்றார். மனைவி சிரித்த சிரிப்பு வாடிகள் வரை கேட்டிருக்கும். அதன்பின் ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் திறந்தேன்.

பன்னிரண்டாம் நாள் கச்சான் மிகவும் உரத்து வீசியது. ஏழு ஐந்தாயிற்று, எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. பெட்டிக்குள் வெறும் தண்ணீர். கரைக்கும் வீட்டுக்கும் ஆறு தடவை நடந்துவிட்டேன். ஒன்பது நாற்பதுக்கு, அலைக்கு மேலே ஒரு பொலித்தீன் மூட்டை தனியாக வருவதைக் கண்டேன். அதன் கீழே அவர் தலை. நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்திருந்தார்.

“தோணிக்காரன் பயந்திட்டான். களப்புத்தானே, மாஸ்டர், கடலா?”

மூட்டையை வாங்கிக்கொண்டு ஓடினேன். அன்றுதான் முதல்முறையாகக் காலடிகளை எண்ணாமல் போனேன்.

முப்பதாம் திகதி கரண்ட் வந்தது. மூன்று குப்பிகளில் ஒன்றும் பழுதாகவில்லை. இணைப்புப் பணத்தை எனக்கு முன்னே மருமகன் கட்டிவிட்டார். இப்போது மாதாமாதம் மகளின் பெயரில் பில் வருகிறது. நான் பத்திரமாகக் கோவையில் வைக்கிறேன். பாஸ் அறுகம்பேயில் விடுதி வேலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அழைத்து, “ராத்தா சுகமா? மூடியத் திறக்கிறீங்களா?” என்று கேட்பார். அந்த ரிஜிபோம் பெட்டி பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. இன்னும் மீன் மணக்கிறது. எறிய மனைவி விடமாட்டார், நானும் கேட்பதில்லை.

ஐஸுக்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. கேட்டபோதெல்லாம், “ஒரு பிளேன்டீ தாங்க” என்பார். மூன்று கரண்டி சீனி போட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சீனி ஆகாது. ஆறு வருடமாக வாங்கியதில்லை. அவருக்காக வாங்கினேன். மனைவி அதை டின்னில் போட்டு என் கண்ணில் படாமல் வைத்து, அவர் வந்தால் மட்டும் எடுப்பார். இருபத்துமூன்று நாள், நாளுக்கு ஒரு கோப்பை, அறுபத்தொன்பது கரண்டி. மொத்தம் அரைக் கிலோ சீனி: நூற்றிருபது ரூபாய்.