பாய் கொடுத்த பானை

பிள்ளைகளே, வெள்ளம் வந்த அன்று நீங்கள் இருவரும் செனாயில் உங்கள் சித்தி வீட்டில் இருந்தீர்கள். அதனால் இந்தக் கதை உங்களுக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா சொல்வதில் நான் பெரிய நீச்சல்காரன் மாதிரி வருவேன். அப்படியெல்லாம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஆனால் நம் ஊர் லாயாங் லாயாங் கடைவரிசைக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. நம் சபை ஹால் மேட்டில் இருப்பதால் அங்கே நனையவில்லை; இரவே நாங்களும் சபை ஆட்கள் சிலரும் அங்கே போய்த் தங்கிவிட்டோம். மீட்புப் படகு தாழ்வில் கிடக்கும் கம்பத்துக்கு, அந்தக் கிராமத்து வீடுகளுக்கு, முதலில் போய்விட்டது. அதுதான் சரி. கடைவரிசையில் மாடியில் குடியிருந்தவர்கள் மாடியிலேயே காத்திருந்தார்கள்.

அந்த வரிசையின் கோடியில் பாயுடைய சாப்பாட்டுக் கடை. கீழே கடை, மேலே வீடு. பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் பாயும் அவர் மனைவியும் மட்டும்தான் அங்கே இருந்தார்கள். தொழிற்சாலை வேனில் ஆள் ஏற்றப் போவதற்கு முன்னால் நான் தினமும் அங்கேதான் தே தாரிக், பாய் நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீர், குடிப்பேன்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் போதகர் பசித்தவர்களுக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசியிருந்தார். அதைக் கேட்டு ஆமென் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுத் தூங்கியவன்தான் நானும். அன்று காலையிலும் ஹால் வாசலில் நின்று தண்ணீரை வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, கேஸ் இருக்கு, அரிசி இருக்கு. தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னா வடிஞ்சிருமா?" என்றாள் அம்மா.

"ஐஸ்பெட்டியில கோழி இருக்கே. கரண்ட் இல்லாம கெட்டுப் போயிரும், அதையே வையேன்."

"பாய் வீட்டுக்கும் போகணும்ல. எங்க வாங்கின கோழியோ, ஹலாலோ என்னமோ. சாம்பாரே வைக்கிறேன்."

அவளுடைய அந்த யோசனை எனக்குப் பெருமையாக இருந்தது. சபைப் பானையில் சோறு வடித்து, அதன் மேலேயே சாம்பாரை ஊற்றிக் கலந்து மூடினாள். நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது உங்களைக் குளிப்பாட்டிய நீலப் பிளாஸ்டிக் தொட்டி ஹாலில் கிடந்தது. பானையை அதில் வைத்து மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். தண்ணீர் இடுப்பளவுதான்.

மாடிப்படி ஏறும்போதே பாயுடைய குரல் சரியில்லை என்று தெரிந்தது.

"தம்பியா? வா, வா. அக்காவப் பாரு."

அவர் மனைவிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. எழுந்தவுடன் ஊசி போட்டுக்கொள்வார். கீழே இறங்கிக் கடையிலேயே பசியாறுவார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். அன்று பழக்க தோஷத்தில் ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகுதான், அடுப்பும் அலமாரியும் தண்ணீருக்குள் இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. மாடியில் குடிதண்ணீர் போத்தலைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கா நெற்றியெல்லாம் வியர்த்து, கை நடுங்க, பாயின் தோளில் சாய்ந்திருந்தார்.

"அல்லா உன்ன அனுப்பியிருக்கான்," என்று பாய் ஒரு கையால் தட்டை எடுத்தார். நான் மூடியைத் திறந்தேன்.

அப்போதுதான் பானையின் விளிம்பில் இருந்த நசுங்கலைப் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு அந்தப் பானையைத் தூக்கும்போது சுவரில் இடித்தது நானேதான். அன்று அதில் வெந்தது பன்றிக்கறி. கறியைப் பற்றி அவ்வளவு யோசித்த நாங்கள், பானையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லி, அதனால் அக்கா சாப்பிடாமல் போய், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கர்த்தரே என்று மட்டும்தான் மனதில் வந்தது; அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை. ஆனால் அக்கா வாயில் போவது எது என்று அக்காவுக்கே தெரியாமல் நான் முடிவு செய்யக்கூடாது என்று பட்டது.

"பாய், நில்லுங்க. இந்தப் பானையில நாங்க பன்னிக்கறி சமைச்சிருக்கோம். இப்பத்தான் ஞாபகம் வருது."

பாய் தட்டைக் கீழே வைத்தார். அக்கா மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"ஏன் தம்பி சொன்னே? சொல்லாம இருந்தா ரெண்டு தட்டு சாப்பிட்டிருப்பேன்ல," என்று சிரிக்கப் பார்த்தார்.

"உசுருக்கு ஆபத்துன்னா சாப்பிடலாம், பாவமில்ல," என்றார் பாய்.

"வேற ஒண்ணுமே இல்லாட்டித்தானே? கீழ உங்க கடையில பால்டின் பெட்டி பெட்டியா கெடக்குது," என்றார் அக்கா.

பாய் என்னைப் பார்த்தார். அக்காவை விட்டுவிட்டு அவரால் எழுந்து வர முடியாது. நான் இறங்கினேன்.

தே கலக்கும் மேசைக்குக் கீழ்த்தட்டில் டின்கள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கழுத்தைத் தொடும்வரை குனிந்து கையை விட்டுத் துழாவினேன். கிடைத்தது. ஆனால் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஊறிக் கழன்றுபோயிருந்தது. எல்லா டின்னும் ஒரே அளவு, ஒரே வெறும் தகரம்.

"பாய்! எது இனிப்புப் பால், எது தண்ணிப் பால்னு தெரியலயே!"

"குலுக்கிப் பாருலா! சளக்குனு சத்தம் வந்தா தண்ணிப் பால், போட்டுரு. சத்தம் வராம ஊமை மாதிரி இருந்தா அதைக் கொண்டா!"

குலுக்கினேன். சளக். இன்னொன்று. சளக். தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஒவ்வொரு டின்னாகக் காதருகே வைத்துக் குலுக்கியதை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். கடைசியில் ஒன்று சத்தமே போடாமல் கனமாக இருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

டின்னைப் போத்தல் தண்ணீரால் கழுவித் துடைத்து, பாய் கத்தி முனையால் குத்தித் திறந்தார். கெட்டிப் பால் மெதுவாக வழிந்தது. தண்ணீரில் கலந்து அக்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். நான் மூலையில் நின்று அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் சட்டென்று நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குவளையை அவரே வாங்கிப் பிடித்தார்.

"தே போடத் தெரியாத கடை," என்றார் பாயைப் பார்த்து. "வெறும் பால மட்டும் கொடுக்கிறாரு."

பாய் சிரித்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படகு வந்து அக்காவைக் குளுவாங் மருத்துவமனைக்கு ஏற்றிப் போகும்வரை கூடவே இருந்தேன். சோற்றுப் பானையை அதே தொட்டியில் மிதக்கவிட்டுத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தேன். மேட்டில் தங்கியிருந்த நம் ஆட்களோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். பானை விஷயத்தைச் சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்து, கடையைக் கழுவித் திறந்த பிறகு, பாய் மோட்டார் சைக்கிளில் ஹாலுக்கு வந்தார். பின்னால் கட்டியிருந்தது அவர் கடையின் பெரிய பானை ஒன்று. தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

"இத வச்சுக்கோ தம்பி. அடுத்த வெள்ளத்துக்கு இதுல ஆக்கிக் கொண்டா. கோழின்னா என் கடையில வாங்கிக்கோ. உன் சாம்பார நம்ப முடியாது."

"அது என் சம்சாரம் வச்சது, பாய்."

"அப்படின்னா நான் ஒண்ணும் சொல்லல," என்று வண்டியைத் திருப்பினார். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "கடையில உக்காந்து என்னத் திட்டிக்கிட்டு இருக்கா," என்றார்.

அவர் போன பிறகு ஹாலில் யாரும் இல்லை. அந்த நசுங்கிய பானையும் மற்றப் பானைகளும் இருக்கும் அலமாரியில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏணியை எடுத்து வந்து, ஜன்னலுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய ஆணி அடித்தேன். பானையைச் சுத்தமான துணியால் மூடிக் கட்டி, அதில் தொங்கவிட்டேன். ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிக் கதவைச் சாத்தினேன்.