கரைந்து போகிற மினுக்கம்

எங்கள் பங்குக் கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்து அயன் பண்ணிக் கொடுப்பது பல வருடமாக என்னுடைய வேலை. கூலிக்கல்ல, ஆண்டவருக்குச் செய்கிற சின்ன ஊழியம். பாலையூற்றில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்து போகிற தூரம்தான். பெரிய துணிகளை மற்ற உடுப்புகளைப் போலவே துவைக்கலாம். பூசையில் அப்பத்தட்டின் கீழே விரிக்கிற சிறிய சதுரத் துணிக்கு மட்டும் ஒரு முறை இருக்கிறது. நற்கருணை அப்பத்தின் சிறு துணிக்கை ஏதாவது அதில் ஒட்டியிருக்கலாம் என்பதால் அதை முதலில் தனியே அலச வேண்டும். அலசிய தண்ணீரைக் குழாயடியில் ஊற்றக் கூடாது. காலடி படாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். நான் செவ்வரத்தை மரத்தின் அடியில் ஊற்றுவேன்.

போன வருடத்து நத்தாருக்குப் பிறகு அந்தத் தண்ணீர் மினுங்கத் தொடங்கியது.

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் நத்தார்க் குடிலுக்கென்று கடையில் வாங்கிய கிளிட்டர் தூளைக் கொட்டி நட்சத்திரமும் சம்மனசுகளின் சிறகும் செய்திருந்தார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தூள் குடிலோடு நிற்கவில்லை. பாலன் யேசுவின் கன்னத்தில் ஏறியது. பீடச் சிறுவரின் அங்கியில் தொற்றியது. அங்கிருந்து பீடத்துக்கே போய்விட்டது. தவக்காலத்திலும் மினுங்கியது. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகும் என் பேசினுக்குள் பச்சையும் சிவப்புமாக ஒன்றிரண்டு மிதந்தன.

ஒருநாள் துணி கொடுக்கப் போனபோது ஃபாதர் அதைப் பற்றி அவராகவே கதைத்தார்.

"பிள்ளை, மினுங்கிறதெல்லாம் எனக்குத் துணிக்கை மாதிரித்தான் தெரியுது. ஒவ்வொண்டாத் தொட்டுத் தொட்டு எடுக்கிறன். சனம் நினைக்குது ஃபாதருக்குப் பக்தி கூடிப்போச்செண்டு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் இந்த முறை நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதும், கோயிலுக்குள் கிளிட்டர் கொண்டுவரக் கூடாதென்று பூசை முடிவில் அறிவித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெரிய ஆறுதல். பக்கத்தில் இருந்த என் மகளுக்கு முகம் கறுத்துப்போனது.

அவளுக்கு எட்டு வயது. மூன்று இராசாக்கள் திருநாள் பூசையில், வாசலிலிருந்து குடில்வரை இராசா வேடம் போட்ட பிள்ளைகளுக்கு முன்னே நட்சத்திரம் பிடித்துக்கொண்டு போக இந்த முறை அவளைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள். முந்தின வருடங்களில் பெரிய பிள்ளைகள் பிடித்துப் போவதைக் கதிரையில் ஏறி நின்று பார்த்தவள். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள்.

"மினுங்காத நட்சத்திரத்தைப் பாத்து இராசாக்கள் எப்பிடியம்மா வருவினம்?"

மட்டையில் வெள்ளைக் கடதாசி ஒட்டித் தருகிறேன் என்றேன். அவள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

"அப்ப நான் போகேல்லை. வேற ஆரையும் பிடிக்கச் சொல்லுங்கோ."

பிடிவாதத்துக்குச் சொன்னதாக எனக்குப் படவில்லை. அந்தப் பிள்ளை நிசமாகவே இராசாக்களை நினைத்துத்தான் கவலைப்பட்டது. அடுத்த கிழமை ஃபாதரிடம் போய் விசயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீரில் முழுக்கக் கரைகிற ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் தான் ஓமென்று சொல்வதாகச் சொன்னார். கரைந்துவிட்டால் துணிக்கை எது, தூள் எது என்ற மயக்கம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

நான் சாதாரண தரப் பரீட்சைவரைதான் படித்தவள். விஞ்ஞானப் பாடம் எனக்குச் சரிவராது. ஆனால் ஒரு பொருளைத் தேட வெளிக்கிட்ட பிறகுதான், வீட்டில் எத்தனை பொருள் மினுங்குகிறது என்று கண்ணில் பட்டது. நானும் மகளும் குசினியில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். காய்ந்த மீன் செதில் வானவில் மாதிரி நிறம் காட்டியது, ஆனால் கரையவில்லை. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியின் உட்பக்கம் முத்துப்போல இருந்தது. அதை உரலில் இடித்தோம். இடிக்க இடிக்க மினுக்கம் போய் வெறும் வெள்ளை மாவாகிவிட்டது. அது ஏன் என்று இருவருக்கும் விளங்கவில்லை. முழுசாக இருக்கும்போது இருந்த வெளிச்சம் துண்டு துண்டானதும் எங்கே போகிறது? மகள் அந்த மாவைக் கிண்டிக் கிண்டித் தேடினாள்.

சீனி மினுங்கியது, கரையவும் செய்தது. பசை பூசிய மட்டையில் தூவி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் பார்த்தால் நட்சத்திரம் முழுக்க எறும்பு. இராசாக்களுக்கு முதல் எறும்புகள் வந்துவிட்டன என்று என் மனுசன் சொன்னார்.

அவர் ஓட்டோ ஓடுகிறவர். நிலாவெளிப் பக்கம் ஓட்டம் போனபோது உப்பளத்திலிருந்து ஒரு பை கல்லுப்பு வாங்கி வந்து கொடுத்தார். கட்டிகள் நன்றாக மினுங்கின, ஆனால் பாரம். பசையில் நிற்காமல் உதிர்ந்தன. பைக்கற்றில் வருகிற தூளுப்பு ஒட்டியது, ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர்போலச் செத்துக் கிடந்தது. உப்பை வெந்நீரில் கரைத்து மட்டையில் பூசி, அயனைச் சற்று மேலே பிடித்துக் காயவைத்தேன். அதுவும் சுண்ணாம்புதான். மட்டையும் ஊறிப் பிய்ந்தது.

மகள் சோர்ந்துபோய்விட்டாள். திருநாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. மாரி மழை விடாமல் பெய்தது. மட்டை வேண்டாமென்று, ஈர்க்குகளை முறித்து ஐந்து முனை வரும்படி கட்டி, வெள்ளைப் பருத்தி நூலை அதன்மேல் சுற்றிச் சுற்றிக் கொடுத்தேன். வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தோம். இனி ஏலாது என்று உப்பு அடியில் தங்கும்வரை கலக்கினோம். அந்தத் தண்ணீரை வடித்து, அகன்ற பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி, நட்சத்திரத்தை அதில் படுக்கவைத்தோம். வெயில் இல்லை. ஃபிரிட்ஜின் மேலே பின்பக்கமாகக் கொஞ்சம் சூடு இருக்கும், அங்கே தூக்கி வைத்தேன். மனுசன் எட்டிப் பார்த்துவிட்டு, "நட்சத்திரம் சரிவராட்டில் அந்தத் தண்ணியில ரெண்டு மீனைப் போடும், கருவாடாவது மிஞ்சும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்து என்ன, ஈரக் காற்றில் அது எங்கே காயப்போகிறது என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாள் போயிருக்கும். விடிய நான் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருக்க, மகள் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்து ஏறி, பேசினுக்குள் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவேயில்லை. என்னவென்று பார்க்க நான் போனேன்.

நூல் முழுக்கக் கண்ணாடிபோல முளைத்திருந்தது. சின்னச் சின்னச் சதுரங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்றுக்குள் ஒன்று பாதி புதைந்து, ஒவ்வொன்றும் மூலை தப்பாத சதுரம். அயனால் அவசரமாகக் காயவைத்தபோது மாவாகப் போனது, மழை மெதுவாக்கி வைத்ததால் இப்படி வளர்ந்திருக்கிறது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். சரியோ தெரியாது.

"ஆரம்மா வெட்டினது?" என்று மகள் கேட்டாள்.

கடவுள் என்று சொன்னேன். வேறு பதில் எனக்குத் தெரியாது. அன்றாடம் கறிக்குப் போடுகிற உப்பு. எங்கள் கடல் முழுக்க இந்தச் சதுரங்களை ஒளித்து வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலமும் கரையில் அடித்துக்கொண்டிருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன்.

நட்சத்திரத்தைத் துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு மணியைக் கிள்ளி எடுத்து, கிளாஸ் தண்ணீரில் போட்டார். மூன்று பேரும் குனிந்து நின்று பார்த்தோம். மணி அடியில் கிடந்தது, மூலைகள் மழுங்கின, ஒரு புள்ளியானது, பிறகு காணவில்லை. ஃபாதர் கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓம், கரைஞ்சு போட்டுது," என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீங்கள் பிடிச்சுக்கொண்டு வாங்கோ, பிள்ளை" என்றார்.

திருநாளன்று காலையும் தூறல். ஓட்டோவுக்குள் அவள் நட்சத்திரத்தை ஷொப்பிங் பைக்குள் வைத்து மடியில் பிடித்திருந்தாள். பூசை தொடங்க, பக்கக் கதவால் வந்த மழைநாள் வெளிச்சத்தில் அவள் நடந்து வந்தாள். தடியின் நுனியில் நட்சத்திரம் அசையும்போதெல்லாம் ஒரு பக்கம் பளிச்சிட்டு அணைய, மறுபக்கம் பளிச்சிட்டது. கடைத் தூள் போல நிறமில்லை. பின் வரிசை வாங்குகளில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததோ என்னவோ. இராசாக்களுக்குத் தெரிந்தது. குடிலடியில் மண்டியிடும்போது, நடு இராசா நாக்கை நீட்டி ஒரு முனையை நக்கினார். மகள் திரும்பி அவரை முறைத்த முறைப்பில் அவருடைய கிரீடம் சரிந்தது.

நட்சத்திரத்தைக் குடிலின் கூரையில் செருகிவிட்டு அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். உதிர்ந்த மணிகள் நாலைந்து அதில் ஒட்டியிருந்தன. கையைத் துடைத்துவிட நான் லேஞ்சியை எடுத்தேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் கையை மூடிக்கொண்டாள். எழும்பி நிற்கும்போதும் முழந்தாளிடும்போதும் அந்தக் கை மூடியபடியே இருந்தது. பூசையில் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சமாதானம் சொல்ல மற்றக் கையைத்தான் நீட்டினாள்.

பூசை முடிந்து வெளியே வந்து, தாழ்வாரத்தின் கீழ் நின்று கையைத் திறந்தாள். கை ஈரமாக இருந்தது. அவ்வளவுதான்.

"எங்கயம்மா போச்சு?"

வியர்வையில் கரைந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் கேட்டது உப்பையல்ல, அந்த மினுக்கத்தை என்று பட்டது. இருவரும் அந்தக் கையை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓட்டோவிலிருந்து மனுசன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார்.