அப்பாவின் வலது குதிகால்

அன்று டாக்டர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். டாக்டரம்மா, கட்டிலில் குப்புறப் படுத்திருந்த அப்பா, அவர் தலைமாட்டில் அம்மா, கதவோரம் பெரியப்பா, ஏழாம் வகுப்புச் சீருடையில் நான். அங்கே பேசியதை ஐந்து பேரும்தான் கேட்டோம். அதை இறக்கி வைக்கத் தெரியாமல் சுமந்தது நான் ஒருத்திதான்.

முந்தைய நாள் மாலை பட்டினப்பாக்கத்தில், மணலில் சிக்கிய தன் ஆட்டோவை அப்பா தள்ளினார். டப் என்று ஒரு சத்தம். வெடுக்கென்று திரும்பி, "ஏண்டி உதைக்கிற?" என்றார். நானோ நாலடி தள்ளி அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அடுத்த அடி வைக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா கெண்டைக்காலை அழுத்தினார். இடது பாதம் அசைந்தது, வலது அசையவில்லை. குதிகால் நரம்பு முழுதாக அறுந்துவிட்டது என்றார். "யாரோ பின்னாடி உதைச்ச மாதிரி இருந்துதா? இங்க வர்றவங்க முக்காவாசிப் பேர் அப்படித்தான் சொல்வாங்க." எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வண்டியத் தள்ளுடான்னா காலத் தள்ளிகினு வந்து கீறான்" என்றார் பெரியப்பா. யாரும் சிரிக்கவில்லை. "சரி, தச்சுடுங்க டாக்டர். கத்தி வெச்சாத்தான் வைத்தியம்."

"இவுருக்கு சுகர் கீதும்மா" என்றாள் அம்மா.

டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "தச்சா மறுபடி அறுந்துபோற வாய்ப்பு கொஞ்சம் கம்மி. ஆனா அங்க தோல் மெல்லிசு, சுகர் வேற. புண்ணு ஆறாம சீழ் வைக்கலாம். தைக்காம, பாதத்தக் கீழ வளைச்சுக் கட்டு போட்டா, அறுந்த நுனி ரெண்டும் தானா சேரும். ஆனா சொன்னபடி இருக்கணும். நடுவுல தடுக்கி ஊனிட்டா அறுந்துடலாம். ஒழுங்கா இருந்தா, கடைசியில நடை ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"பிரேக் காலும்மா இது. எதுல சீக்கிரம் மிதிக்கலாம்?" என்றார் அப்பா.

"ரெண்டுலயும் மாசக்கணக்கா ஆகும்."

அப்பா டாக்டரம்மா பக்கம் தலையைத் திருப்பினார். "கத்தி வேணாம்மா."

வீட்டில் யார் பார்த்துக்கொள்வீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அம்மாவுக்கு விடிந்தால் அடையாறில் மூன்று வீட்டுச் சமையல். "நான்" என்றேன். பெரியவர்கள் சிரித்தார்கள்.

நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அப்பா கழிப்பறைக்குப் போகும்போது ஊன்றுகோலுக்கு முன்னால் குனிந்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே போவேன். பிறகு ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்து, பெரிய பூட்ஸ் கொடுத்தார்கள். குதிகாலுக்கு அடியில் அட்டைகள் அடுக்கியிருந்தார்கள். வாரங்கள் போகப்போக ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஒன்றை உருவினால், நரம்பு இழுபட்டு அறுந்துவிடுமோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. அம்மா என்னை இரண்டு முறை பள்ளி வாசல்வரை இழுத்துப் போனாள். இரண்டு முறையும் வாந்தியெடுத்துத் திரும்பினேன். "கால் எனக்கா, உனக்காடி?" என்று அப்பா கத்தினார். நான் அசையவில்லை. அந்த வருஷம் பள்ளி அப்படியே முடிந்துபோனது.

நரம்பு சேர்ந்தது. ஆனால் தைத்தாலும் தைக்காவிட்டாலும், மறுபடி அறுந்துபோகக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்கும் புத்தி அன்று எனக்கில்லை, இன்றும் சரியாக இல்லை.

புது வகுப்புகள் தொடங்கியிருந்த ஒரு காலையில், அப்பா முதல்முறையாக வண்டியை எடுத்தார். பின்சீட்டின் நுனியில் உட்கார்ந்து, அவர் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் நானும் என் காலை அழுத்தினேன். மயிலாப்பூரில் என் பள்ளி எதிரே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். ஒருவர் வந்து தி.நகர் போகணும் என்றார். "வர்ல" என்றார் அப்பா. குழந்தையோடு வந்த ஒரு பெண்ணிடமும் "வர்லம்மா". பள்ளி வாசலைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் வலிக்கிறது போலிருக்கிறது, அதனால்தான் சவாரி வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். குனிந்து அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.