ஒருத்தருக்கு நோய், ஒருத்தனுக்குத் திமிர்

1. ஒரே பாட்டில்

விருத்தாசலம் கோர்ட்டுக்கு நான் நன்னடத்தை அலுவலராக மாற்றலாகி வந்தபோது, ஊரில் பாதிப் பேர் என்னிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். மீதிப் பேருக்கு அப்படியொரு வேலை இருப்பதே தெரியாது. குற்றம் செய்தவரை விசாரித்து, ஜெயிலா திருந்த ஒரு வாய்ப்பா என்று கோர்ட்டுக்குச் சிபாரிசு எழுதுகிற வேலை அது.

குடித்துவிட்டுத் தகராறு செய்கிறவர்களை ஜெயிலுக்கு அனுப்பாமல் போதை மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பும் திட்டம் ஒன்று அப்போது எங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. எல்லாச் சமூகத்தாருக்கும் அந்த வாய்ப்பு சமமாகக் கிடைக்கிறதா என்று பார்த்து எழுதும்படி மேலிடத்து உத்தரவு. பழைய கேஸ் கட்டுகளைப் பிரித்தேன். மறுவாழ்வுக்குப் போனவர்கள் எல்லாரும் ஊர்த்தெருக்காரர்கள். ஜெயிலுக்குப் போனவர்கள் எல்லாரும் காலனிக்காரர்கள். கூட்டிக் கழித்துப் பார்க்க அவசியமே இல்லை.

அன்றைக்கே இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ராஜவேல் ஊர்த்தெரு, பெண்ணாடம் ரோட்டில் கரும்பு நிலம். ஏழுமலை காலனி, பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. இருவரும் ஒரே பாட்டிலைப் பங்கு போட்டுக் குடித்து, கடைசி மடக்கு யாருக்கு என்று கட்டிப் புரண்டு, டீக்கடை கண்ணாடி அலமாரியை உடைத்திருந்தார்கள். ஸ்டேஷன் சிபாரிசு ராஜவேலுக்குச் சிகிச்சை, ஏழுமலைக்கு ஜெயில்.

ஏட்டைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேரும் ஒரே பாட்டில்தானே?"

"ஆமாங்க மேடம்."

"அப்புறம் எப்படி ரெண்டு சிபாரிசு?"

"அவருக்கு அது நோயிங்க. இவனுக்குத் திமிருங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பாத்தாலே தெரியுதே மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2. நோய் வேண்டும்

கோர்ட் வராந்தாவில் ஏழுமலையின் மனைவி செல்வி என் வழியை மறித்தார்.

"ஜெயிலுன்னா மொதலாளி வேற ஆளப் போட்டுடுவாரு மேடம். ஆஸ்பத்திரின்னா லீவு தரேங்கிறாரு. எப்படியாச்சும் எங்க வூட்டுக்காரருக்கும் அந்த நோயப் போட்டுக் குடுங்க."

இருவருக்கும் சிகிச்சை என்று சிபாரிசு எழுதிக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் முதலில் ராஜவேலைக் கேட்டார். "சிகிச்சைக்குப் போறீங்களா?"

ராஜவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கென்னங்க நோயி? நான் என்ன குடிகாரனா?"

"ஏழுமலை, நீ?"

"எனக்கு இருக்குதுங்க அய்யா. நெறையவே இருக்குது."

கோர்ட்டே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றவருக்கு வக்கீல் காதோடு காதாக ஜெயிலை நினைவுபடுத்தினார். இருவரும் ஒரே வேனில் மறுவாழ்வு இல்லத்துக்குப் போனார்கள். திட்டம் சமமாகிவிட்டது என்று நானும் நம்பினேன்.

3. தெரபி

ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். ராஜவேல் ஹாலில் ஃபேனுக்குக் கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஏழுமலை பின்கட்டில் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"வொர்க் தெரபி மேடம். அவங்கவங்களுக்கு ஏத்த மாதிரி குடுக்கிறோம். அவருக்குக் கேரம் தெரபி. இவனுக்குக் க்ளீனிங் தெரபி."

"பலன் இருக்குதா?"

"இவனுக்குத்தான் முன்னேற்றம் ஜாஸ்தி!"

ஏழுமலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்தக் கோப்பை எங்க சூளையில வெந்ததுங்க. வேக வெச்சதும் நானு, கழுவறதும் நானு. செல்விகிட்ட சொல்லிடாதீங்க மேடம், வந்து சண்ட போட்டுடும். லீவு போயிடும்னு பயத்துல கம்முனு கெடக்கிறேன்."

ஆபீசுக்கு வந்து அறிக்கை எழுதினேன். க்ளீனிங் தெரபியால் முன்னேற்றம் அதிகம் என்று மேனேஜரே சொல்கிறார், இவ்வளவு நல்ல வைத்தியத்தை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது அநியாயம், எனவே இருவருக்கும் தெரபியை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினேன். மாஜிஸ்திரேட் இரண்டு முறை படித்தார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் உத்தரவு போட்டார்.

மறுநாள் காலையில் உத்தரவோடு நான் இல்லத்துக்குப் போவதற்குள் ராஜவேலின் மைத்துனர் ஜீப்போடு வந்துவிட்டார். "மச்சான் முழுசா கொணமாயிட்டாரு மேடம்!" மேனேஜரும் குணமானதற்குச் சான்றிதழ் நீட்டினார். விளக்குமாற்றைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் குணமானவர் அந்தத் திட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

4. கேரம் போர்டு

அடுத்த முறை போனபோது ஏழுமலை ஹாலில் இருந்தார். கேரம் போர்டுக்கு முன்னால் தனியாக. ஸ்டிரைக்கரை இந்தப் பக்கம் வைத்து அடித்தார். எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து அடித்தார். மற்ற நோயாளிகள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"யாரும் ஆட வரலீங்களா?"

"வர மாட்டாங்க மேடம். ரெண்டு பக்கமும் நாந்தான்." சிரித்தார். "எப்படியும் ஜெயிச்சிடுவேன் பாருங்க."

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எனக்குக் கேரம் வராது. சிவப்புக் காயைத் தொடக்கூட முடியாமல் தோற்றேன். அவர் ஒரு காயைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை, கோர்ட் அம்மா என்ற தயவு தாட்சண்யமே இல்லை.

ஏழுமலைக்குச் சூளை வேலை போகவில்லை. குடியையும் விட்டுவிட்டார் என்று செல்வி சொன்னார், நம்பினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று எண்ணுவது பாதி வேலைதான். உள்ளே போனவருக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். யாரும் இல்லையென்றால் அறிக்கையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் நீங்கள் உட்காருங்கள்.